வெடிமருந்து அளவிக்குத் தைத்த சட்டை

பலெர்மோ நகரில், சீசா என்கிற பகுதியில், மூன்றாம் மாடியில் இருக்கும் அகஸ்ரீனாவின் வீட்டில் எல்லாப் பொருளும் சட்டை போட்டிருக்கும். டீவிக்கு ஒரு சட்டை, றிமோட்டுக்கு ஒரு சட்டை, மிக்சிக்குக் கழுத்தில் கொசுவம் வைத்த சட்டை, காஸ் சிலிண்டருக்குப் பாவாடை. குடை வாங்கும்போதே உறையோடு வரும். அந்த வீட்டில் அந்த உறைக்கும் ஓர் உறை உண்டு. எல்லாம் அவளுடைய மனுசன் பீலிக்சின் கைவேலை.

பீலிக்ஸ் திரைச்சீலை தைக்கிற கடையில் வேலை செய்கிறவர். வெட்டி விழுகிற துண்டுகளை மூட்டையாய்க் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவார். ஒரு பொருள் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் போதும், அளவுநாடாவோடு பக்கத்தில் வந்து நிற்பார். யேசு பிறந்த நத்தார் விருந்துக்கு வந்து, தின்ற களையில் கதிரையிலேயே கண்ணயர்ந்த அவருடைய சகலன் முழித்துப் பார்த்தால், பீலிக்ஸ் அவருடைய தோளை அளந்துகொண்டிருந்தாராம். அந்த வீட்டில் தப்பியது மாடத்தில் நிற்கிற மடு மாதா சுருவம் மட்டும்தான். அதுவும் பங்குச் சுவாமி வந்து, மாதாவுக்குத் தூசி பிடிக்காது என்று உத்தரவாதம் கொடுத்ததால்.

அகஸ்ரீனா வேறு ரகம். ஊரில் கடலோரப் பேசாலையில் பிறந்தவள், இங்கே மொந்தெல்லோவில் சிஞ்ஞோரா என்சா என்கிற முதலாளியம்மாவின் வீட்டில் இருபது வருசமாக வேலை. ஒரு காரியத்தைப் பிடித்தால் விடமாட்டாள். ஊறுகாய்ப் போத்தலின் மூடி திறக்காவிட்டால் வேறு போத்தல் எடுக்கமாட்டாள். அந்த மூடி திறக்கும்வரை வீட்டில் யாருக்கும் சோறு கிடையாது. குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் ஒருக்கால் ஓர் அதிகாரி அவளுடைய பெர்மெஸ்ஸோவுக்கு, அதுதான் தங்குகிற அனுமதிக்கு, நாளைக்கு வா, நாளைக்கு வா என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் போய்க்கொண்டேயிருந்தாள். கடைசியில் அந்த மனுசன் அவளுடைய முகத்தைக் கனவில் கண்டு பயந்துதான் கையெழுத்து வைத்ததாக அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவளுடைய சிஞ்ஞோரா என்சா துவக்கால் தட்டுச் சுடுகிறவர். பறவையும் இல்லை, மிருகமும் இல்லை. ஒரு மிசின் களிமண் தட்டை ஆகாயத்தில் எறியும், அதைச் சுட்டு உடைக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கிளப்புக்குப் போவார். பையைத் தூக்குவதற்கு அகஸ்ரீனா கூடப் போவாள். ஊர்ச் சண்டையில் துவக்குச் சத்தம் கேட்டால் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடிப் பழகின சனத்தில் வந்தவள் அவள். முதல் நாள் சத்தத்துக்கு அவள் பையையும் எறிந்துவிட்டு மேசைக்குக் கீழே போய்ப் படுத்தேவிட்டாள். சிஞ்ஞோரா சிரிக்கவில்லை. அவள் மேசைக்கடியிலிருந்து வெளியே வந்ததும் துவக்கைக் கையில் கொடுத்து, நீயும் ஒன்று சுட்டுப் பார் என்றார். சுட்டாள். தட்டு தூள். அந்தச் சத்தம் வாழ்க்கையில் முதல் தடவையாக அவளை நோக்கி வராமல், அவளிடமிருந்து போனது. அன்றைக்கே முடிவெடுத்துவிட்டாள். பிரஜாவுரிமை வந்ததும் பெண்கள் நகைக்கடைக்குப் போவார்கள். இவள் துவக்கு லைசென்சுக்கு விண்ணப்பம் போட்டாள்.

அந்தக் கிளப்பில் வருசக் கடைசியில் ஒரு போட்டி நடக்கும். கடையில் வாங்கின தோட்டா செல்லாது. ஆளாள் தன் கையால் நிரப்பின தோட்டாவால்தான் சுடவேண்டும். வெற்றுக் கோது இருக்கும், அதன் அடியில் பொட்டு வெடி மாதிரி ஒரு சின்னத் தொப்பி. கோதுக்குள் வெடிமருந்து போட்டு, மேலே தக்கை வைத்து, ஈயச் சன்னம் கொட்டி, வாயை மடித்து மூடவேண்டும். வெடிமருந்தை அளந்து போட ஓர் அளவி. கீழே இரும்பு, அதில் ஒரு கைபிடி. மேலே உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்ரிக் குழாய். குழாயில் வெடிமருந்தை நிரப்பி, கைபிடியை ஒருக்கால் திருப்பினால், கணக்கான அளவு கீழே கோதுக்குள் விழும். சிஞ்ஞோரா தன் பழைய அளவியை அகஸ்ரீனாவுக்குக் கொடுத்திருந்தார். அது வீட்டுக்கு வந்த அன்றைக்கே பீலிக்ஸ் அளவெடுத்துவிட்டார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஊதா நிறத்தில், பளபளவென்று மின்னுகிற நைலோன் துணியில், மேலே ஒரு பூ வைத்து, கீழே சரிகை ஓட்டி, ஒரு சட்டை. கோயிலில் முதல் நன்மை வாங்கப் போகிற பிள்ளை கூட அவ்வளவு வடிவாய் உடுத்திருக்காது.

போட்டிக்கு முந்தின ஞாயிறு பழக்கத்துக்குப் போனபோதுதான் மானம் போனது. நாலு வெடி ஒழுங்காய் வெடிக்கும், ஐந்தாவது 'பூஃப்' என்னும். கிழவன் தும்மினால்கூட அதைவிடச் சத்தமாய் இருக்கும். சன்னம் துவக்கு வாய்க்கு வெளியே விழுந்து, போகவோ நிற்கவோ என்று யோசிக்கிற மாதிரி இருந்தது. பிறகு ஒரு வெடி தோளைக் கழற்றுகிற மாதிரி உதைத்தது. மருந்து ஒன்றில் குறை, ஒன்றில் கூட.

கிளப்பில் பாதுகாப்புப் பொறுப்பு ஜீனோ என்கிற ஆளிடம். மீசை பெரிது, சிரிப்பு சின்னது. அவர் உடனே சுடுவதை நிறுத்தி, துவக்கை நடுவால் முறித்துத் திறந்து, குழலுக்குள் தக்கை ஏதும் சிக்கியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். குறைந்த வெடி வெட்கம், கூடின வெடி ஆபத்து. இப்படித் தோட்டாவோடு போட்டிக்கு விடமாட்டேன். சனிக்கிழமை வா, உன் பெட்டியிலிருந்து நானே பத்துத் தோட்டா எடுத்துத் தருவேன். பத்தும் ஒரே மாதிரி வெடிக்கவேண்டும். ஒன்று பிசகினாலும் போட்டிப் பலகையில் உன் பெயர் இருக்காது, இந்த வருசம் மட்டுமில்லை, இனி எப்பவும்.

காரில் திரும்பும்போது சிஞ்ஞோரா என்சா தான் நிரப்பின தோட்டாக்களைத் தருவதாகச் சொன்னார். யாருக்கும் தெரியவராது என்றார். அகஸ்ரீனா ஜன்னலுக்கு வெளியே மொந்தே பெல்லெக்ரீனோ மலையைப் பார்த்துக்கொண்டு, அங்கே கோயில் கொண்ட சாந்தா ரோசலியாவுக்குத் தெரியவரும் என்றாள்.

வீட்டுக்கு வந்து, நிரப்பி வைத்த தோட்டா முழுவதையும் ஒரு பக்கம் ஒதுக்கி, இதில் ஒன்றும் சுடுவதில்லை என்று பூட்டி வைத்தாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு அளவியைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த எதிரி ஒன்றுதான், ஈரம். பேசாலையில் உப்பு ஊறும், தீப்பெட்டி ஊறும், சீனி ஊறிக் கல்லாகும். வெடிமருந்து மட்டும் ஊறாதா? ஊறித்தான் குழாயில் ஒட்டுகிறது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

ஈரத்துக்கு எதிராக அவள் தொடங்கின யுத்தத்தைப் பார்த்து சகாரா பாலைவனமே பாடம் படித்திருக்கும். பல்கணியோடு ஒட்டின சின்ன அறையில்தான் அளவி இருந்தது. அந்த அறையின் மூலைக்கு மூலை அரிசி கட்டி வைத்தாள். உப்புப் போத்தலுக்குள் அரிசி போடுகிற அதே வழி, ஆனால் மூட்டைக் கணக்கில். வெடிமருந்தை அதன் டப்பாவில் கொட்டி இறுக மூடி வேறு அறையில் வைத்துவிட்டு, வெறும் குழாயைக் கழுவி, தலைமயிர் காய வைக்கிற மிசினால் காய வைத்தாள். பிறகு கண்ணாடி துடைக்கிற துணியால் துடை துடை என்று துடைத்தாள். குழாய் அப்படி மின்னியது, விளக்கை அணைத்தாலும் வெளிச்சம் வரும்போல. துடைத்து முடிந்ததும் தூசி படாமல் ஊதாச் சட்டையைப் போட்டு மூடினாள்.

அடுத்த நாள் அளந்து பார்த்தால் முந்தினதைவிட மோசம். வெடிமருந்து கீழே விழவே மனமில்லாமல் குழாயின் சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. தட்டினால் ஒரு கட்டி 'பொத்' என்று விழுந்தது. சின்னத் தராசில் நிறுத்தாள். ஒன்று பிள்ளைத்தாய்ச்சி மாதிரி, அடுத்தது நோன்பு பிடித்த மாதிரி.

பீலிக்ஸ் கதவடியில் நின்று தலையை மட்டும் நீட்டினார். துவக்கு விசயத்தில் அவர் எப்பவும் கதவுக்கு வெளியேதான்.

"இஞ்சேரும், நான் ஒண்டு சொல்லட்டே?"

"சொல்லாதேங்கோ."

"சிஞ்ஞோராவின்ர தோட்டாவை வாங்கிச் சுட்டுப்போட்டு வாருமன். மரியாதையும் மிஞ்சும், அரிசியும் மிஞ்சும்."

"என்ர தோட்டா பிழைச்சதெண்டால் நான்தான் திருத்தவேணும். அந்த அரிசியில கை வைச்சியளெண்டால் உங்களுக்குச் சோறு இல்லை."

அவர் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை ஷிரோக்கோ தொடங்கிவிட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து மலையைத் தாண்டி வருகிற அந்தக் காற்று பலெர்மோவை அப்பளம் பொரிக்கிற மாதிரிப் பொரித்தெடுத்தது. கொடியில் போட்ட துணி கிளிப் போடுவதற்குள் காய்ந்தது. உதடு வெடித்தது, மூக்கு வெடித்தது. அகஸ்ரீனாவின் மனதுக்குள் மட்டும் சந்தோசம். இந்தக் காற்றுக்கு ஈரம் எங்கே நிற்கும் என்று வேலையால் வந்ததும் ஓடிப்போய் அளந்து பார்த்தாள். அன்றைக்குத்தான் எல்லா நாளையும்விட மோசம். அவள் கதிரையில் இருந்துவிட்டாள். தராசைத் தள்ளி வைத்துவிட்டுக் கைகளை மடியில் போட்டுக்கொண்டாள். பீலிக்ஸ் அப்படி அவளைப் பார்த்ததில்லை. மூடி திறக்காத போத்தலுக்கு முன்னால்கூட அவள் அப்படி இருந்ததில்லை. பிறகு எழும்பினாள். வெடிமருந்தை டப்பாவுக்குள் கொட்டி மூடினாள். குழாயின் அடியில் நாலைந்து மணிதான் மிச்சம். பழக்கதோசத்தில் அளவிக்குச் சட்டையைப் போட்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கீழ்மாடிக் கிளறா வந்தாள். பல்லரோச் சந்தையில் வாங்கின முருங்கைக்காயில் பாதி கொண்டுவந்திருந்தாள். கிளறாவுக்குத் தன் தையல் மிசினுக்கு ஒரு சட்டை வேண்டுமாம். பீலிக்சுக்கு இதைவிடத் தேன் வேறென்ன. மனுசிக்குத் துக்கம் என்றாலும் தொழில் தொழில்தானே. கிளறாவை அறை வாசலுக்குக் கூட்டிப்போய், தன் கைவேலையிலேயே உச்சமான வேலை இதுதான் என்று, மந்திரவாதி புறா எடுக்கிற மாதிரி அந்த ஊதாச் சட்டையை ஒரே இழுவையில் மேலே உருவினார்.

'சரசரசர' என்றது. கிளறாவின் முன்மயிர் துணியின் பக்கம் எழும்பி நின்றது. பீலிக்சின் கைமயிர் காவலுக்கு நிற்கிற ஆமிக்காரன் மாதிரி விறைத்தது. அகஸ்ரீனாவின் கண் மட்டும் குழாய்க்குள். அடியில் கிடந்த அந்த நாலைந்து மணி வெடிமருந்து, யாரோ கூப்பிட்ட மாதிரி எழும்பிப் பாய்ந்து சுவரில் ஒட்டிக்கொண்டது.

அவள் கிட்ட வந்தாள்.

"இன்னொருக்கால் போடுங்கோ."

பீலிக்சுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. கலியாணம் முடித்து இவ்வளவு காலத்தில் மனுசி தன் தையலை இன்னொருக்கால் காட்டச் சொன்னது இதுதான் முதல் தடவை. போட்டார்.

"இப்ப கழட்டுங்கோ. கெதியாய்."

சரசரசர. சுவரில் நின்ற மணிகள் இன்னும் ஒரு படி மேலே ஏறின. இன்னொருக்கால் போடச் சொன்னாள். இன்னொருக்கால் கழற்றச் சொன்னாள். பீலிக்ஸ் பூவைக் கிளறாவின் பக்கம் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டு போட்டார், கழற்றினார்.

"என்னப்பா," என்றாள் அகஸ்ரீனா மெதுவாக. "கள்ளன் ஈரமில்லை. உங்கட சட்டைதான்."

பீலிக்சின் கை பாதியில் நின்றது. கிளறா முருங்கைக்காயை மேசையில் வைத்துவிட்டு, அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லிப் படியிறங்கினாள். தையல் மிசினுக்குச் சட்டை வேண்டுமா என்று பீலிக்ஸ் பின்னால் கேட்டபோது கீழ்மாடிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

அகஸ்ரீனா தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டாள். சிஞ்ஞோராவின் நைலோன் உள்பாவாடை காய்ந்த காற்றில் அவருடைய காலைக் கட்டிப்பிடிக்கும், கழற்றும்போது படபடவென்று பொறி பறக்கும். அதற்கு அலசுகிற தண்ணீரில் துணியை மிருதுவாக்குகிற திரவம் விடுகிறவளே இவள்தான். உள்பாவாடை செய்கிற வேலையைத்தான் அளவியின் சட்டையும் செய்திருக்கிறது. நைலோன் பிளாஸ்ரிக்கில் உரசி உரசிக் கறண்ட் ஏற்றியிருக்கிறது. இவள் போதாக்குறைக்கு அரிசி கட்டி, காய வைத்து, துடைத்துத் துடைத்து அதற்குத் தீனி போட்டிருக்கிறாள். ஈரம்தான் இவ்வளவு நாளும் அந்தக் கறண்டை இறக்கி உதவிக்கு வந்த ஆள். அந்த ஆளைத்தான் அடித்துத் துரத்தியிருக்கிறாள்.

பீலிக்ஸ் சட்டையை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ர சட்டை போட்டு இந்த வீட்டில இவ்வளவு காலமும் ஒண்டும் பழுதாப்போகேல்லை. மிக்சி ஓடுதுதானே?"

"மிக்சிக்குள்ள நான் வெடிமருந்தே அரைக்கிறன்?"

"பூ வைச்சது கூடாதோ?"

"பூவில ஒண்டுமில்லை. துணிதான். நைலோன் வேண்டாம் அப்பா. உங்கட கையில பிழையில்லை."

பிழையில்லை என்று சொன்னாலும் மனுசனுக்கு உள்ளுக்குள் வெட்டு விழுந்துவிட்டது. அன்றைக்கு மீன்குழம்புக்கு இரண்டாம் தரம் சோறு கேட்கவில்லை. பீலிக்ஸ் இரண்டாம் தரம் கேட்காத நாளில் பலெர்மோவில் பூமி நடுங்கும் என்று கிளறா சொல்லுவாள்.

அகஸ்ரீனாவுக்கு அவரைத் தேற்ற நேரமில்லை. அரிசியை எல்லாம் சமையலறைக்குத் திருப்பியனுப்பினாள். குழாயைக் கழற்றி, சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, துணிக்கு விடுகிற திரவத்தில் ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் அலசினாள். துடைக்கவில்லை. துணி பக்கத்தில் வரவும் விடவில்லை. தலைகீழாக வைத்துத் தானாகக் காயவிட்டாள். அறைக்குள் ஈரத்துவாய் ஒன்றை விரித்துத் தொங்கவிட்டாள், காற்றில் கொஞ்சம் ஈரம் ஏறட்டும் என்று. நைலோன் கவுணைக் கழற்றி எறிந்துவிட்டுப் பருத்திச் சட்டை உடுத்துக்கொண்டு வந்தாள். குழாய் நன்றாகக் காய்ந்தபின் வெடிமருந்தை விட்டு, கைபிடியைத் திருப்பினாள்.

சரக் என்று விழுந்தது. ஒரு மணிகூட மிச்சம் நிற்கவில்லை. நிறுத்தாள், சரி. இன்னொன்று, சரி. அவளுக்கு இனி நம்பிக்கை போதாது, கண்ணால் காணவேண்டும். முந்தி நாலைந்துக்கு ஒன்றுதான் நிறுப்பாள். இந்தத் தடவை ஒவ்வொன்றையும் தராசில் வைத்துப் பார்த்துத்தான் கோதுக்குள் கொட்டினாள். கை வலித்தது, கண் எரிந்தது, சந்தேகம் வந்ததை எல்லாம் திரும்ப டப்பாவுக்குள் போட்டாள். மெதுவாய், அவசரமில்லாமல், ஊறுகாய்ப் போத்தலைத் திறக்கிற அதே முகத்தோடு பெட்டியை நிரப்பி முடித்தாள்.

சனிக்கிழமை வெளிக்கிடுமுன் கடைசியாய் ஒருக்கால் பார்ப்போம் என்று அறைக்குள் போனால், அளவி திரும்பச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது. கிட்டப் போனாள். ஊதா இல்லை. பச்சையும் கறுப்பும் கட்டம் போட்ட பருத்தித் துணி. தலைமாட்டில் வைத்துப் படுக்கிற, யாரையும் தொடவிடாத, தோய்த்துத் தோய்த்துப் பஞ்சாய்ப்போன, பீலிக்ஸ் இடுப்பில் கட்டுகிற சாரம். அதை வெட்டித் தைத்திருக்கிறார். சாரத்தின் கரையை அடியில் சரிகையாய் வைத்திருக்கிறார். பூ மட்டும் பழைய சட்டையிலிருந்து கழற்றி வைத்தது, அதுவும் குழாயில் படாத இடத்தில்.

அவள் சட்டையை வேகமாய் உருவிப் பார்த்தாள். சத்தமில்லை. குழாய்க்குள் மணி இரண்டு அடியிலேயே கிடந்தது, நித்திரை கொள்கிற மாதிரி.

கதவுக்கு வெளியே தலையொன்று நீண்டது.

"சரியோ?"

"சரி."

அவ்வளவுதான் இரண்டு பேரும் பேசினது. அகஸ்ரீனா சட்டையைத் திரும்பப் போட்டு, கரையை நீவி நேராக்கினாள்.

கிளப்பில் ஷிரோக்கோ மண்ணை அள்ளி எல்லாருடைய கண்ணிலும் எறிந்துகொண்டிருந்தது. சிஞ்ஞோரா என்சா வந்திருந்தார். பீலிக்ஸ் இரண்டு காதிலும் பஞ்சு வைத்து, அதற்குமேல் கையையும் பொத்திக்கொண்டு, கடைசி வாங்குப் பலகையில் குந்தியிருந்தார். ஜீனோ பெட்டிக்குள் கை விட்டார். மேலே இருப்பதை எடுக்கவில்லை. அடியிலும் மூலையிலும் கிளறிக் கிளறிப் பத்தைப் பொறுக்கினார். தக்காளி வாங்குகிற கிழவிகூட அப்படிப் பொறுக்கமாட்டாள்.

முதல் வெடி இடி மாதிரி. தட்டு தூள். இரண்டாவதும் அதே இடி. மூன்று, நாலு. ஐந்தாவதுக்குச் சிஞ்ஞோரா கண்ணை மூடிக்கொண்டார், போன ஞாயிறு ஐந்தாவதில்தானே தும்மினது. ஐந்தாவதும் இடி. ஜீனோ ஒவ்வொரு வெடிக்கும் காதைச் சாய்த்து, தங்கம் உரைத்துப் பார்க்கிற தட்டான் மாதிரிக் கேட்டுக்கொண்டு நின்றார். ஒன்பதும் முடிந்தது. ஒன்பதும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

பத்தாவதுக்கு அவள் துவக்கைத் தோளில் வைத்ததும் ஒரு பெரிய காற்று வந்தது. மிசின் எறிந்த தட்டைக் காற்றுத் தூக்கிக் கொண்டுபோனது. அவள் சுட்டாள். இடி சுத்தமாய், முழுசாய், மலைவரை போய்த் திரும்பி வந்தது. தட்டு உடையவில்லை. ஆடி ஆடிப் போய்ப் புல்லில் பத்திரமாய் இறங்கியது.

அகஸ்ரீனா துவக்கை முறித்து, வெற்றுக் கோதை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். தட்டைத் தவறவிட்டுவிட்டு இவ்வளவு சந்தோசமாய்ச் சிரித்த ஆளை அந்தக் கிளப் கட்டின நாளிலிருந்து கண்டிருக்காது. ஜீனோ குழலுக்குள் பார்த்தார், சுத்தம். பத்துக் கோதையும் வரிசையாய் வைத்துப் பார்த்தார். பிறகு தட்டு நாளைக்கு உன்பாடு, தோட்டா சரி என்றார். என்ன செய்து திருத்தினாய் என்று கேட்டதற்கு, என் மனுசன் தன் சாரத்தை வெட்டினார் என்றாள். ஜீனோவுக்கு அது விளங்கவில்லை. ஆனாலும் பலகைக்குப் போய், அவளுடைய பெயருக்குப் பக்கத்தில் போட்டிருந்த கேள்விக்குறியைக் கையால் அழித்தார். கை முழுக்கச் சுண்ணாம்பு.

அவள் பீலிக்சைத் தேடினாள். வாங்கில் ஆளில்லை. சுடுவது நின்று, சிவப்புக் கொடியும் இறக்கியாயிற்று. மனுசன் காதில் பஞ்சோடு அங்கே தட்டு எறிகிற மிசினடியில் நிற்கிறார். ஷிரோக்கோ மண் படிந்து, சட்டையில்லாமல், அநாதை மாதிரி நின்ற அந்த மிசினைப் பீலிக்ஸ் சாணால் அளந்துகொண்டிருந்தார். நீளம் அளந்து, அகலம் அளந்து, மீசையைத் தடவிக்கொண்டு வருகிற ஜீனோவைக் காணாத மாதிரி மற்றப் பக்கம் போய் உயரமும் அளந்தார்.

அகஸ்ரீனா கைகளை வாயில் குவித்துக் கூப்பிட்டாள்.

"பருத்தியிலதானே அப்பா?"

"பருத்தியிலதான்," என்றார் அவர், அளவை நிறுத்தாமல்.